முதல் குடத்துத் தண்ணீர்

“எழுதியிருக்கா?”

மேடத்தை நினைத்தால் எனக்கு முகம் அப்புறம்தான் வரும். முதலில் இந்தக் கேள்வி வந்துவிடும். கூடவே, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிவத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படிக்கிற பழக்கமும் வரும். கண்ணாடி போட்டிருக்கிறவர் கண்ணாடியை எடுத்துவிட்டுப் படிப்பானேன் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு காரணம் எழுதி வைத்திருப்பார்.

பெரம்பலூரில் ஒரு மாடி. கீழே உரக்கடை, மேலே தண்ணீர் பரிசோதனைக் கூடம். எந்தத் துறையுடைய கூடம் என்று சொல்லப்போவதில்லை. அதில் இருந்தவர்கள் பாதிப் பேர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் வாய்க்கு நான் அவல் ஆக வேண்டாம். எண்பதுகளின் ஆரம்பம் அது. அவர் அங்கே கெமிஸ்ட். நான் சாம்பிள் எடுக்கிறவன். ஊர் ஊராகப் போய்க் குழாயிலும் கிணற்றிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, லேபிள் ஒட்டி, படிவத்தை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவருக்கு இருபத்தெட்டு இருக்கும். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அந்த அண்ணேயில் ஒரு குறையும் இருந்ததில்லை, கடைசி வரைக்கும்.

அவர் எதையும் வாய் வார்த்தையாக ஏற்றுக்கொள்ள மாட்டார். டீக்கடைப் பையன் டீ கொண்டுவந்து வைத்தால், “எப்ப போட்டது?” என்பார். அவன், “இப்பதாங்க்கா” என்பான். “இப்பன்னா?” என்பார். அவன் பேந்தப் பேந்த விழிப்பான். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவருடைய ஊறுகாய்ப் பாட்டிலில் லேபிள் ஒட்டியிருக்கும். எலுமிச்சை, தேதி, காலை 9.40, கீழே அவருடைய சுருக்கக் கையெழுத்து.

“ஊறுகாய்க்கு நிமிஷம் எதுக்கு மேடம்?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“ஞாபகம் இருக்குன்னு சொல்றவங்க பாதி கற்பனைதான் சொல்றாங்கண்ணே. எழுதி வச்சா சண்டை இல்ல.”

லேபிள் ஒட்டுவதில் அவருக்கென்று ஒரு வழி உண்டு. மைதாப் பசை காய்ச்சி ஒட்டி, காய்ந்த பிறகு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து எழுத்தின் மேல் நாலு தடவை தேய்ப்பார். ஐஸ் பெட்டியில் உருகுகிற தண்ணீரில் மற்ற கூடங்களின் லேபிள்கள் எல்லாம் கரைந்து மை ஒழுகி நிற்கும், எங்கள் லேபிள் மட்டும் அப்படியே இருக்கும். “மெழுகு தடவின லேபிள் தண்ணிக்குள்ளயே கெடந்தாலும் நனையாதுண்ணே” என்று முதல் வாரமே எனக்குச் செய்து காட்டினார். ஒரு பாட்டிலை வாளிக்குள் போட்டுவிட்டுச் சாயங்காலம் எடுத்தோம். எழுத்து அச்சடித்தது மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

சிறுவாச்சூர் கோயிலில் கூட்டம் நெரிந்த ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே கிணற்றுத் தண்ணீரைப் பார்க்க அவரும் கூட வந்திருந்தார். நல்ல வெயில். ரோட்டோரப் பந்தலில் நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மொண்டு ஊற்றிய பெரியவரிடம், “எப்ப கரைச்சது?” என்றார் மேடம்.

“காலைலதாம்மா.”

“காலைன்னா எத்தனை மணி?”

“சாமி காரியம்மா. இதுக்குப் போயி மணி கேக்கறியே.”

“சாமி காரியம்னாலும் மணி உண்டுல்ல?”

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன். மேடம் தொடவில்லை. மறுநாள் வயிறு என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. இரண்டு நாள் கழித்து ஆபீஸ் போனால் என் விடுப்புக் கடிதத்தை அவரே எழுதித் தயாராக வைத்திருந்தார். காரணம் என்ற இடத்தில், “நேரம் தெரியாத நீர்மோர்” என்று இருந்தது. அதில்தான் கையெழுத்துப் போட்டேன். அவரைப் பிடிக்காமல் போக எனக்கு அன்றைக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

பிடித்துப் போனதற்குப் பெரிய காரணம் வேறொன்று. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கிணற்றில் சாம்பிள் எடுக்கப் போன நாள். எடுத்தேன், நன்றாகத்தான் எடுத்தேன். திரும்பி வந்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பின்னாலிருந்து ஒருவர் மூட்டையோடு தள்ள, பெட்டி விழுந்து பாட்டில் உடைந்துவிட்டது. திரும்ப அவ்வளவு தூரம் போய் வர வேண்டும். பசி. இன்னொரு காலி பாட்டில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக் குழாயில் பிடித்து, புது லேபிள் ஒட்டி, புதுப் படிவத்தில் வேப்பந்தட்டைக் கிணறு, 11.20 என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எழுதியிருந்தால் சரி என்று இருக்கிறவர்தானே, எழுதிக் கொடுத்தாயிற்று என்று ஒரு திருட்டுத் தைரியம்.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பதினொண்ணு இருபதுக்கு எடுத்தீங்களாண்ணே?”

“ஆமாங்க.”

“அங்கேருந்து பதினொண்ணு பத்துக்கு ஒரு பஸ். அதை விட்டா ஒன்றரைக்குத்தான். இப்ப மணி பன்னெண்டேகால்.”

அவர் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துச் சோப்பு போட்டுக் குலுக்கினார். நுரை பொங்கியது. மலையடிவாரக் கிணற்று உப்புத் தண்ணீரில் அவ்வளவு சுலபமாக நுரை வராது. “இது நம்ம பஸ் ஸ்டாண்டு தண்ணி” என்றார், கோபமே இல்லாமல். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்துப் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். ரத்து என்று எழுதி, ஏன் ரத்து என்று ஒரு வரியும் எழுதினார். “நாளைக்குப் போயி ஒழுங்கா எடுத்துட்டு வாங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்.”

“அதைக் கிழிச்சுடுங்களேன் மேடம்.”

“எழுதினதைக் கிழிக்கக் கூடாதுண்ணே. ரத்துன்னு போட்டுட்டேன்ல.” ஃபைலில் கோத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்காக நான் எதையும் செய்திருப்பேன். மிகைப்படுத்தவில்லை. அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன், பஸ் தவறினால் சைக்கிளை மிதித்தாவது எட்டே முக்காலுக்கு ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறேன்.

அரியலூரில் நாங்கள் இருந்தது ஒரு புதுக் காலனி. வீட்டு வசதிச் சங்கம் ஒன்று கட்டிக் கொடுத்தது, நூறு வீடு இருக்கும். அந்தக் காலனிக்குத்தான் முதன்முதலாகச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய் புதைத்தார்கள். துருப் பிடிக்காது, ஆயுசுக்கும் இருக்கும் என்று சங்கத் தலைவர் மாலை போட்டுக்கொண்டு பேசினார். காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரைக்கும் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அப்புறம் மறுநாள்தான்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு முதல் குடம் என்றால் ஒரு மதிப்பு. யார் கையும் படாத புதுத் தண்ணீர், அதைத்தான் சாமிக்கு வைப்பார்கள், உலை வைப்பார்கள், பிள்ளைக்குப் பால் கரைப்பார்கள். பின்னால் வருகிற குடங்கள் துணிக்கும் பாத்திரத்துக்கும். அந்த முதல் குடத்துக்காக நாலரைக்கே குடத்தைக் கொண்டுபோய் வரிசை போட்டுவிடுவார்கள். என் மனைவி இதில் புலி. மகள் பிறந்த பிறகும் வாரத்தில் நாலு நாள் முதல் குடம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தாய்ப்பால் போதாததால் மகளுக்குப் பால்பவுடர். அந்தத் தண்ணீரில்தான் கரைப்பாள்.

தண்ணீரில் ஒரு வாடை இருந்தது. எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதே வருஷம்தான் எல்லோரும் பித்தளைக் குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டுப் பச்சை, சிவப்பில் பிளாஸ்டிக் குடம் வாங்கியிருந்தார்கள். “குடம் புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று முடிவு கட்டிவிட்டார்கள். தெரு முழுக்கப் பெண்கள் பிளாஸ்டிக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். குடம் பளபளத்தது, வாடை போகவில்லை.

தண்ணீர்ச் சாம்பிள் எடுப்பதே பிழைப்பாக இருந்த நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். அந்தக் குழாயில் நானும் மாதத்துக்கு ஒருதரம் சாம்பிள் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். படிவத்தில் அச்சடித்த விதி ஒன்று உண்டு: குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். கிருமி பார்ப்பதற்கு அதுதான் சரி. குழாய் வாயில் ஒட்டியிருக்கிற அழுக்கு பாட்டிலுக்குள் வந்துவிடக் கூடாதல்லவா. வாடை என்ற கட்டத்தில் நான் ஒவ்வொரு மாதமும் ‘இல்லை’ என்று எழுதினேன். ஐந்து நிமிடம் ஓடிய தண்ணீரில் வாடை இல்லைதான்.

ஒருநாள் ஆபீஸில் நான் வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். மேடம் தாண்டிப் போனவர் நின்றார். பாட்டிலை வாங்கி மோந்தார்.

“எப்ப புடிச்சது?”

“காலைலதாங்க.”

“காலைன்னா?”

“அஞ்சு மணி. மொதக் குடம்.”

பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. மறுபடி ஒருதரம் மோந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “நாளைக்கு உங்க தெருக்குழாய்ல ரெண்டு பாட்டில் எடுங்கண்ணே. ஒண்ணு வழக்கம்போல அஞ்சு நிமிஷம் விட்டு. இன்னொண்ணு தொறந்த ஒடனே வர்ற மொதத் தண்ணி. ஒரு சொட்டுகூடக் கீழ விடாம.”

“விதி அப்படி இல்லையே மேடம். எழுதிக் குடுத்துடுங்களேன்” என்றேன். அவரையே அவர் பாணியில் மடக்கிவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவர் சிரித்தார். “நான் சொல்றேன்ல அண்ணே.”

அவரோடு வேலை பார்த்த அத்தனை நாளில் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்ன ஒரே வேலை அதுதான். நான் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் நாலே முக்காலுக்கு வரிசையில் நின்ற பெண்களிடம் கெஞ்சி முதலில் என் பாட்டிலை வைத்தேன். ‘குழாயைத் திறந்து எத்தனை நிமிடம் கழித்து’ என்ற கட்டத்தில் ஒரு படிவத்தில் ஐந்து என்றும் ஒன்றில் பூஜ்யம் என்றும் எழுதினேன். நடந்ததை எழுத வேண்டும் என்று பழக்கியிருந்தாரே.

திருச்சியில் அவர் படித்த கல்லூரியிலிருந்து ஒரு மருந்து வாங்கி வரச் செய்திருந்தார். பச்சை நிறம். தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கினால், ஈயம் இல்லையென்றால் பச்சையாகவே இருக்கும், இருந்தால் சிவக்கும். ஐந்து நிமிடம் விட்டு எடுத்த தண்ணீர் பச்சையாக நின்றது. முதல் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கீழே வைத்தார். அடியில் ரோஸ் சர்பத் நிறத்தில் இறங்கியது.

“பாருங்கண்ணே” என்றார். குரலில் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே இருந்தன. வெயிலில் குழாய் வெடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக்கோடு ஈயச் சேர்மானம் கலக்கிறார்கள், மட்டமான குழாயாக இருந்தால் நாளெல்லாம் உள்ளே நிற்கிற தண்ணீரில் அது இறங்கும், மறுநாள் அந்த நின்ற தண்ணீர்தான் முதல் குடம் என்று விளக்கினார். பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைகளுக்குத்தான் கெடுதல். ரத்தம் குறையும், புத்தி மந்தப்படும், மெதுவாக.

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். “தெருவுல சொல்லிடறேன் மேடம். எங்க வரிசைல மட்டும் கைப்பிள்ளைங்க ஆறு இருக்கு.”

“அவசரப்படாதீங்கண்ணே. வாயால சொன்னா நாளைக்கு மறுத்துடுவாங்க. ரிப்போர்ட்டா போகட்டும். எழுத்துல வந்தாத்தான் குழாயையே மாத்துவாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. என் மனைவியிடம் மட்டும் காரணம் சொல்லாமல், மூன்றாவது குடத்தைக் குடிக்க வை என்றேன். முதல் குடத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்ததில் அவள் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என் கண்ணெதிரே முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள், அவள் பிள்ளைக்கு ஐந்து மாதம். நான் பல் விளக்குகிற சாக்கில் திரும்பிக்கொள்வேன். நாற்பது நாள். மேடம் செய்தது ஒருபக்கம் இருக்கட்டும், அந்த நாற்பது நாளுக்கு நான்தான் பொறுப்பு.

ரிப்போர்ட் மேலே போயிற்று. மேலே இருந்து விசாரணை வந்தது. குழாய்க்கு அனுமதி கொடுத்த இன்ஜினியரே விசாரிக்க வந்தார். மேடம் தற்காலிக வேலையில் இருந்தவர், நிரந்தரம் ஆக்கும் உத்தரவும் அதே இன்ஜினியர் மேஜையைத் தாண்டித்தான் வர வேண்டும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் என் மனசு ஆறவில்லை.

எங்கள் கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இன்ஜினியர், சங்கத் தலைவர், மேடம். நான் நின்றேன்.

“எங்க வூட்டுல ஈயச் சொம்புலதான் ரசம் வைக்கிறாங்க” என்று தலைவர் ஆரம்பித்தார். “எங்க அப்பன் காலத்துலேருந்து. நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?”

அது வெள்ளீயம், இது காரீயம், வேறு வேறு உலோகம் என்று மேடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கே பத்து தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சொல்லவில்லை.

இன்ஜினியர் படிவத்தைப் புரட்டினார். “இதுல பூஜ்யம்னு இருக்கே. விதி என்ன?”

“அஞ்சு நிமிஷம் சார்” என்றார் மேடம்.

“அப்ப இது?”

“விதிப்படி எடுத்தது இல்ல சார்.”

“யார் எழுத்து?”

“சாம்பிள் எடுத்தவரோடது.”

அண்ணே இல்லை. என் பெயர்கூட இல்லை. நான் இன்ஜினியரைப் பார்த்து, “மேடம்தாங்க அப்படி எடுக்கச் சொன்னாங்க” என்றேன்.

அவர் மேடத்தைப் பார்த்தார். “சொன்னீங்களா?”

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் கையில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. “அப்படி எழுத்துல எதுவும் இல்ல சார்.”

அவர் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். எழுத்தில் எதுவும் இல்லைதான். அவர் அன்றைக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை.

“இந்த ஆளு இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஏதாவது?” என்றார் இன்ஜினியர்.

மேடம் எழுந்து போய் பீரோவைத் திறந்தார். தேடவே இல்லை, எந்த ஃபைல், எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். சிவப்புக் கோடு போட்ட என் வேப்பந்தட்டைப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். ரத்து. காரணம்: சாம்பிள் குறிப்பிட்ட இடத்தில் எடுக்கப்படவில்லை. தேதி, மணி, கையெழுத்து. நமக்குள் இருக்கட்டும் என்று சொன்னது மட்டும் அதில் இல்லை.

வேலையில் கை வைக்காமல், சாம்பிள் எடுப்பதிலிருந்து நீக்கி பாட்டில் கழுவப் போட்டார்கள். வேறு ஒருவர் போய்க் காலனிக் குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு எடுத்துவந்தார். பச்சையாக நின்றது. குடிநீர் குடிக்கத் தகுதியானது என்று மேடம் கையெழுத்துப் போட்ட சான்றிதழைச் சங்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

அதற்கப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். முதல் இரண்டு குடம் வேண்டாம், பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் என்றேன். பக்கத்து வீட்டுப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தப்பா எடுத்தீங்கன்னு ஒங்களத்தானே அண்ணே தூக்கிட்டாங்க?” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் மனைவியும் மறுநாள் நாலரைக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“படிச்சவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்காங்க. நீங்க வாயால சொல்றீங்க” என்றாள்.

இதே வாக்கியத்தை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அதன் பிறகு அவளுக்கு முன்னால் நான் எழுந்து போய், குழாயைத் திறந்து முதல் இரண்டு குடத்தைச் சாக்கடையில் கொட்ட ஆரம்பித்தேன். தண்ணீரை வீணடிக்கிறான் என்று தெருவே ஏசியது. ஒரு கிழவர் அடிக்க வந்தார். ஐந்து வருஷம் கழித்து குழாய் உடைந்து இரும்புக் குழாய் போடுகிற வரைக்கும் அதைச் செய்தேன், காய்ச்சலில் படுத்த நாட்கள் தவிர. என் மகள் கணக்கில் கொஞ்சம் மெது. அது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. சான்றிதழ் ஒட்டிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை, மேடத்தின் வீட்டுக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. என்னைப் பாட்டில் கழுவவிட்டது இருக்கட்டும், ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள், முதல் இரண்டு குடம் குடிக்க வேண்டாம் என்று, கையெழுத்துகூட வேண்டாம், உங்கள் எழுத்தில் இருந்தால் போதும் என்று கேட்கத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போது எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்போதும் அவர் மறுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

பெரம்பலூரில் அவர் வீடும் புதிது. காலை ஏழரை இருக்கும், அங்கே அந்த நேரத்தில்தான் தண்ணீர் வரும். மேடம் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய் ஸ்டூலைப் போட்டார். சுவரோரம் சாம்பல் நிறக் குழாய் இறங்கியிருந்தது. அந்த அம்மா ஒரு குடத்தைப் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். இன்னொரு குடம் பிடித்து அதையும் ஊற்றினார்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்றேன்.

“இருங்க தம்பி, இந்தா மூணாவது குடம் வருது. மொத ரெண்டும் செடிக்குத்தான். அவ கண்டிசனா சொல்லியிருக்கா, எழுதியே ஒட்டிப்புட்டா பாருங்க.”

குழாய்க்கு மேலே சுவரில் லேபிள். மைதாப் பசை, மேலே மெழுகு. ‘முதல் இரண்டு குடம் குடிக்கக் கூடாது.’ தேதி, மாலை 6.10, சுருக்கக் கையெழுத்து. அந்தத் தேதியை நான் மறப்பேனா. பச்சை மருந்து சிவப்பானதே, அதே நாள். அன்றைக்கு ஐந்தரை மணிக்கு, யாரிடமும் மூச்சு விடாதீர்கள் அண்ணே என்று என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, நேரே வீட்டுக்கு வந்து எழுதி ஒட்டியிருக்கிறார்.

மேடம் ஈரத் தலையைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார். நான் எதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தார்.

“இது எப்ப எழுதுனது மேடம்?” என்றேன்.

அவர் இறங்கி வந்து, என்னைத் தாண்டிப் போய், லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். லேசில் வரவில்லை. மறுபடி நெம்பினார். துண்டு துண்டாகச் சுரண்டி எடுக்க நெடுநேரம் ஆயிற்று. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதினதைக் கிழிக்கிற மேடத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“ஏன்டி அதைப் பிய்க்கிற?” என்றார் அவர் அம்மா.

“நனைஞ்சு போச்சும்மா” என்றார் மேடம்.